தவக்காலத்துக்கு அன்பியத்தில் எந்த நூலை வாசிப்பது?

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. குளச்சலை ஒட்டிய எங்கள் ஊரில் அன்பியம் என்றால், பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் சொல்லும் செபமாலை, நற்செய்தி வாசகம், ஆளுக்கு இரண்டு வார்த்தை பகிர்வு, கடைசியில் வீட்டுக்காரர் தரும் கட்டன்சாயா. இந்தத் தவக்காலத்தில் ஒரு ஞான நூலையும் சேர்ந்து வாசியுங்கள் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். எந்த நூல் என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால், புத்தகம் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். இரண்டு மாதமாக ஏழு நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். இதே கேள்வியோடு மற்ற பங்குகளிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பாதிப் பேருக்கு ராத்திரி வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. ஆண்கள் கடலுக்குப் போனால் எந்தப் புதன்கிழமை கரையில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வந்து உட்காரும் பெண்களில், 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஓக்கிப் புயலில் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லாரும் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோகும்போது அவர்கள் கடற்கரையில் போய் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் எதை வாசித்தாலும் அது அந்த மணலில் நிற்க வேண்டும்.

அதனால் மொழிநடை, பக்க எண்ணிக்கை, விலை எல்லாவற்றையும் இரண்டாவதாகத்தான் பார்த்தேன். எழுதியவர் எப்படி விசுவசித்தார், எந்த நிலையில் இருந்துகொண்டு எழுதினார் என்பதே முதல் கேள்வியாக இருந்தது. இதற்கு நம் மாவட்டத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படையையே பயிற்றுவித்தார். ஆடுமாடு செத்து, விளைச்சல் பொய்த்து மனம் உடைந்திருந்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்கு அவர் எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. விவிலியத்தில் சொல்வதற்கு அவருக்கு எத்தனையோ பகுதிகள் இருந்தன. எல்லாவற்றையும் இழந்தவனிடம், எல்லாவற்றையும் இழந்தவனின் கதையை எடுத்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைதான் தேவசகாயம். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது எங்கள் ஊர்க் குருசடிகளில் எல்லாம் வெடி போட்டார்கள். டிலனாய் எப்படித் தேர்ந்தெடுத்தாரோ அப்படித்தான் நானும் தேர்ந்தெடுக்க விரும்பினேன்.

சில நூல்களைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்ற பெயரை நம் பாட்டிமார் அறிவார்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன் கெம்பிஸ் நகரத்துத் தோமாஸ் என்ற துறவி எழுதியது. முழு விவிலியத்தையும் கையால் நான்கு முறை படியெடுத்தவர். பேச்சைவிட மௌனம் அவருக்குப் பிடித்தது, அந்த மௌனம் நூல் முழுக்க இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் இதைத்தான் வாசித்தோம், இரண்டாம் வாரமே நின்றுபோயிற்று. நூலைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கும் வரி. வாசித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். கூட்டத்தில் தொடர்ந்து வாசித்தால் கண்டிப்புக்கு மேல் கண்டிப்பாகக் காதில் விழுகிறது. ஏற்கெனவே தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு விதவையிடம் இன்னும் தாழ்ந்து போ என்று சொல்வது எனக்கே கூசியது. தனியாக, படுக்கைக்குப் போகும் முன் ஒரு பக்கம் என்றால் இதைவிட நல்ல நூல் இல்லை.

பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட பக்தி வாழ்வு நூல் குடும்பஸ்தர்களுக்காகவே எழுதப்பட்டது. துறவியின் பக்தி வேறு, கைவினைஞனின் பக்தி வேறு, மணமான பெண்ணின் பக்தி வேறு என்று அந்தக் காலத்திலேயே துணிந்து சொன்னவர். ஆனால் நடனம், விருந்து, உடை பற்றி அவர் பேசுவதெல்லாம் பிரபுக்கள் வீட்டுப் பேச்சு. திருமண ஆயத்த வகுப்பு எடுப்பவர்கள் தேர்ந்தெடுத்து வாசிக்கலாம்.

தேம்பாவணியை ஒதுக்கும்போது மனம் வலித்தது. 1710-இல் இந்தியாவுக்கு வந்த இத்தாலியர் 1726-க்குள் 3615 பாடல்களில் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கிப் பாடினார் என்றால், தமிழ் படித்த எவருக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஒரு பாட்டுக்கு உரை சொல்லவே பத்து நிமிடம் ஆகிவிடும். அதற்குத் தனியாக ஒரு வருடம் வேண்டும். யாராவது தொடங்கினால் நான் வருகிறேன்.

கார்மேல் சபைச் சகோதரர் லாரன்சை ஒதுக்கவில்லை, வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் போரில் கால் அடிபட்டு, பாரீஸ் மடத்தில் சமையல்காரராக இருந்தவர். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் இறந்த பிறகு ஒரு குரு தொகுத்தார். அதில் ஓர் இடம்: திராட்சை இரசம் வாங்க அவரைப் படகில் அனுப்புகிறார்கள், கால் சரியில்லாததால் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் படகில் நகர முடிகிறது. இது உம்முடைய வேலைதானே என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் போகிறார், வேலை நன்றாகவே முடிகிறது. இதை ஒரு முறை வாசித்துக் காட்டியபோது விசைப்படகில் போகும் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே, “டீச்சர், இந்தச் சகோதரர் எங்கள் ஆள்” என்றான். மிகச் சின்ன நூல். கடலுக்குப் போகும் ஆண்களுக்காக இதைக் குரலில் பதிவு செய்து செல்போனில் அனுப்பப் போகிறோம்.

மீதி இருந்தவை மூன்று. முடிவெடுக்கச் சிரமப்பட்டது இவற்றுக்கு நடுவில்தான்.

அகுஸ்தீனாரின் ‘அறிக்கைகள்’ எல்லாருக்கும் முதலில் நினைவு வரும் நூல். நம் கோவில்களில் குடிகார மகனுக்காக அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கம்மாளிடம் மன்றாடாத தாய் யார்? அந்தத் தாயையும் மகனையும் நேரில் பார்ப்பது போல எழுதியிருக்கிறார். பேரிக்காய் திருடியது, படிப்பில் வந்த கர்வம், மகனுக்காக அழுத தாயிடம் ஓர் ஆயர், இத்தனை கண்ணீர் சிந்தும் தாயின் மகன் அழிந்துபோக மாட்டான் என்று சொல்லி அனுப்பியது எல்லாம் வாய்விட்டு வாசிக்க ஏற்றவை. ஒன்பதாம் புத்தகத்தில் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மோனிக்கம்மாள் சிறுமியாக இருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவர அனுப்பினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வாயில் வைத்துப் பார்ப்பாள். அது வளர்ந்து கோப்பை கோப்பையாகக் குடிக்கும் பழக்கமாயிற்று. வேலைக்காரி ஒருத்தி சண்டையில் குடிகாரி என்று திட்டியதில் சுருக்கென்று தைத்து அன்றே விட்டாள். தன் தாயைப் பற்றி, அதுவும் புனிதையாக வாழ்ந்த தாயைப் பற்றி, ஒரு ஆயர் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். வீட்டில் குடியோடு போராடும் குடும்பங்களுக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

ஆனால் இரண்டு சிக்கல். பதின்மூன்று புத்தகங்களில் கடைசி நான்கும் நினைவு, காலம், படைப்பு பற்றிய ஆழமான சிந்தனை, கூட்டத்தில் முடியாது. ஒன்பதோடு நிறுத்திவிடலாம், அது பெரிய தடை இல்லை. இரண்டாவதுதான் தடை. ஏறக்குறைய பதினைந்து வருடம் தன்னோடு வாழ்ந்து, தன் மகனைப் பெற்ற பெண்ணை அகுஸ்தீனார் வேறு திருமணத்துக்காக ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்புகிறார். இதயம் கிழிந்து இரத்தம் கசிந்தது என்று எழுதுகிறார். இனி வேறு எந்த ஆணையும் அறிய மாட்டேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அவள் போனாள் என்றும் எழுதுகிறார். பெயரை எழுதவில்லை. நான்கைந்து பெண்களிடம் இந்தப் பகுதியைச் சொல்லிப் பார்த்தேன். மனமாற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. “அந்தப் பெண்பிள்ளையின் பெயர் என்ன, டீச்சர்?” என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதை எடுத்துப் பேச ஆறு வாரம் போதாது.

இன்னொன்றும் உண்டு. அகுஸ்தீனார் எழுதத் தொடங்கும்போது ஞானஸ்நானம் பெற்றுப் பத்து வருடம் ஆகிவிட்டது, ஆயராகவும் ஆகிவிட்டார். புயலைப் பற்றிச் சொல்கிறார். ஆனால் கரையேறி, உடை மாற்றி, உட்கார்ந்து சொல்கிறார். எங்கள் இளைஞர் இயக்கத்துக்கு இந்த நூலைப் பரிந்துரைத்திருக்கிறேன். படித்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு அவர் அண்ணன் போல இருப்பார்.

சவேரியாரின் கடிதங்கள் இந்தப் பட்டியலில் எப்படி வந்தன என்று கேட்பார்கள். கோட்டாற்றுச் சவேரியாரிடம் நேர்ச்சை வைக்கிறோம், திருவிழாக் கடைகளில் பேரீச்சம்பழம் வாங்குகிறோம். அவர் எழுதியதை வாசிப்பதில்லை. அவர் நூல் எழுதியவர் இல்லைதான். ஆனால் நம் கடற்கரையில் இருந்துகொண்டு, நம் ஆட்களைப் பற்றி, மூச்சு விட நேரமில்லாமல் எழுதிய கடிதங்கள் அவை. பிள்ளைகள் செபம் சொல்லித்தரக் கேட்டுச் சாப்பிடவும் தூங்கவும் விடவில்லை என்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது என்கிறார். திருவிதாங்கூர் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதுகிறார். எங்கள் குடும்பப் பெயர்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எனக்கு மிக நெருக்கமானது 1544-இல் நடந்தது. படையெடுப்புக்குப் பயந்து ஓடிய மீனவர்கள் குமரிமுனைக் கடலில் உள்ள பாறைகளில் போய் ஒதுங்கி, பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்காற்று விடவில்லை. நாட்கணக்கில் போராடித் திரும்பி வந்தார். பிறகு கரை வழியாக நடந்தே போனார். வழியில் சிலர் செத்துக் கிடந்தார்கள், பெண்கள் பாதையோரத்தில் பிரசவித்தார்கள் என்று தன் துணைவர் மான்சிலாசுக்கு எழுதுகிறார். புதுமைகளால் நாம் அறிந்த புனிதருக்கு அன்று காற்று அடங்கவில்லை. ஓக்கி இரவில் எத்தனை பேர் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள்! காற்று அடங்காத நாளை அவரும் கண்டவர் என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அப்படியிருந்தும் முழுத் தொகுப்பையும் வைக்கத் துணியவில்லை. பிற சமயத்தாரைப் பற்றியும் அவர்கள் வழிபாட்டைப் பற்றியும் அந்தக் கடிதங்களில் வரும் வார்த்தைகள் கடுமையானவை. பிள்ளைகள் சிலைகளை உடைப்பதைப் பார்த்து மகிழ்ந்ததாகவும் எழுதியிருக்கிறார். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவர் கலவரத்தை நேரில் கண்டவர்கள் எங்கள் அன்பியத்திலேயே இருக்கிறார்கள். அவர் காலத்துப் பார்வை அது என்று விளக்கலாம். ஆனால் ஞான வாசகம் என்ற பெயரில் மெழுகுதிரி ஏற்றி வைத்துக்கொண்டு அதை வாசிக்க என்னால் முடியாது. உபதேசியார் கூட்டத்தில், விளக்கத்தோடு, தேர்ந்தெடுத்த கடிதங்களை வாசிக்கலாம். குமரிமுனைக் கடிதத்தை மட்டும் நாங்கள் புனித வாரத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

அதே கடிதங்களில் இன்னொரு சின்னக் குறிப்பு இருக்கிறது. என் முடிவுக்கு வழிவிட்டது அதுதான். கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிட்டுச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் தமிழ்ப் பெயர்ப்பில் ‘விசுவசிக்கிறேன்’ என்ற இடத்தில் முதலில் ‘எனக்கு வேணும்’ என்று வைத்திருந்தார்கள். அதைத் திருத்தும்படி சவேரியார் மான்சிலாசுக்கு எழுதுகிறார்: ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றுதான் பொருள், ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். இலக்கண ஆசிரியையாக நானும் அந்தத் திருத்தத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இப்போது பிரான்சு நாட்டுக் கார்மேல் மடத்துத் துறவி குழந்தை தெரேசாவிடம் வருகிறேன். கண்டன்விளைக் கோவிலுக்கு நேர்ச்சைக்குப் போகாத குடும்பம் எங்கள் பகுதியில் குறைவு. கோட்டாறு தனி மறைமாவட்டமாகும் முன் நம்மை ஆண்ட கொல்லம் ஆயர் பென்சிகர் ஒரு கார்மேல் துறவி. கத்தோலிக்க நூல்களை அச்சிட்டுப் பெயர்பெற்ற சுவிஸ் குடும்பத்தில் பிறந்தவர். கார்மேல் சபையின் மணம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் நம் வீட்டுப் படங்களில் இருக்கும் தெரேசா ரோஜாப்பூவும் புன்சிரிப்புமாக நிற்கிறார். அந்தப் படத்தால்தான் ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ நூலை முதலில் நானும் ஒதுக்கப் பார்த்தேன். பதினைந்து வயதில் மடத்துக்குப் போய் இருபத்து நான்கு வயதில் காசநோயில் இறந்த பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பெண்களிடம் சொல்ல என்ன இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி வாசித்தபோது வெட்கப்பட்டேன்.

நான்கு வயதில் தாயை இழந்தவர். தாய் செலி லேஸ் பின்னி விற்று வீட்டைத் தாங்கியவர். லேஸ் வேலை எத்தனை கண்ணை எடுக்கும் என்று முளகுமூடு, நாகர்கோவில் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தந்தை மனநலம் குன்றி மருத்துவமனையில் இருந்தார், ஊர் பேசியது. மடத்தில் பிரார்த்தனை நேரத்தில் தூங்கிவிடுவதை மறைக்காமல் சொல்கிறார். குழந்தை தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியம்தானே என்கிறார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட, முகத்தைத் துடைக்காமல் நிற்கப் பழகுகிறார். எங்கள் பொதுக்குழாயடியில் இதைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

1896-ஆம் வருடம் பெரிய வியாழன் இரவில் படுத்தவுடன் வாயில் இரத்தம் வந்தது. அந்த உயிர்ப்புக் காலத்திலேயே வேறோர் இருட்டும் வந்தது. பரலோகம் என்ற ஒன்று இருக்கிறதா என்ற சந்தேகம், இறக்கும்வரை, பதினெட்டு மாதம். செத்தபிறகு உனக்குக் கிடைக்கப்போவது வெளிச்சம் இல்லை, இன்னும் கருத்த இரவுதான், ஒன்றுமில்லாமையின் இரவு என்று ஒரு குரல் தன்னைப் பரிகசிப்பதாக எழுதுகிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பரலோகத்தைப் பற்றிப் பாட்டு எழுதும்போது எந்த மகிழ்ச்சியும் தோன்றவில்லை, நான் விசுவசிக்க விரும்புவதை மட்டும்தான் பாடுகிறேன் என்கிறார்.

சவேரியார் அடித்துத் திருத்திய ‘வேணும்’ இங்கே திரும்பி வருகிறது. சவேரியார் திருத்தியது சரி. ஆனால் ‘விசுவசிக்கிறேன்’ என்று நாக்கு சொல்ல மறுக்கும் இரவுகள் உண்டு. அப்போது மிஞ்சியிருப்பது ‘எனக்கு வேணும்’ மட்டும்தான். புனிதையும் மறைவல்லுநருமான ஒருவர் அந்த நிலையில் இருந்துகொண்டே எழுதினார். அதுவும் பேனா பிடிக்க வலுவில்லாமல், கடைசிப் பக்கங்களைப் பென்சிலால். அகுஸ்தீனார் கரையேறிய பின் எழுதினார், சவேரியார் துடுப்பு வலிக்கும் நடுவில் எழுதினார். தெரேசா எழுதியபோது கரை கண்ணிலேயே படவில்லை.

எனவே எங்கள் அன்பியத்துக்கு இந்த நூலைத்தான் எடுத்துக்கொண்டேன். வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1898-இல் முதலில் வெளிவந்த பதிப்பை அவருடைய அக்காளே நிறையத் திருத்தியிருந்தார். ஆயிரக்கணக்கான இடங்களில் மாற்றம். தெரேசா கையால் எழுதியபடியே 1956-இல்தான் வெளியிட்டார்கள். முன்னுரையைப் பாருங்கள், மூன்று கையெழுத்துப் படிகள் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் அது புதிய மூலத்தைப் பின்பற்றியது. நடையில் அழுத்தமான வித்தியாசம் தெரியும்.

வாசிக்கும் வரிசையையும் மாற்றியிருக்கிறேன். இளமைக் கதையிலிருந்து தொடங்கினால் ரோஜாப்பூப் படம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் வாரம் மூன்றாம் படியிலிருந்து அந்த இருட்டுப் பக்கங்கள். அடுத்த வாரங்களில் தாயின் மரணம், மரண தண்டனை பெற்ற கொலைகாரன் பிரான்சினிக்காகச் சிறுமி தெரேசா மன்றாடியது, தந்தையின் நோய், மடத்து வாழ்க்கை. இரண்டாம் படியை ஆறாவது வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

போன வாரம் முதல் பகுதியைச் சோதனையாக வாசித்துக் காட்ட, ஓக்கியில் கணவனை இழந்த அக்காள் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “புதன்கிழமை இதை நானே வாசிக்கிறேன், டீச்சர்” என்றார். ஏழெட்டு வருடமாக அன்பியத்தில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. கண்ணாடி பழையதாகிவிட்டது, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றும் சொன்னார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போகிறேன்.